தூண்டில் போடுங்க... தூக்கம் வரும்!

"டாக்டர், எனக்குப் பெரிசா வியாதின்னு ஒண்ணும் இல்லை. ராத்திரி தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது. மூணு மணிக்கு முழிச்சா, அப்புறம் விடியற வரைக்கும் சுவரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்..."

இப்படிச் சொல்லிக்கொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்தார் அந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். தியாகதுருகம் பக்கத்துக் கிராமத்துக்காரர். வயது 64. மனைவி போய் ஒரு வருஷம் ஆகிறது. ஒரே மகன் பெங்களூரில். வீட்டில் இவரும், டி.வி.யும்தான்!

நாடி பிடித்துப் பார்த்தேன். வளி மிகுந்து துள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் சித்த மருத்துவத்தில் வளி என்றால் வாதம். அது நிலை தவறினால் முதலில் கெடுவது தூக்கம்தான். அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து ராத்திரி சாப்பிடச் சொன்னேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன். ஆனால் என் மனசுக்குத் தெரியும், இவருக்குச் சூரணம் மட்டும் போதாது என்று. பகல் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் நாற்காலியிலேயே கிடக்கிற உடம்புக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?

"சார், சின்ன வயசுல ஸ்கூல் லீவு விட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

அதுவரை சோர்ந்து கிடந்த முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம்.

"தூண்டி போடுவோம் டாக்டர்! ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நரம்பு, டப்பா நிறைய மண்புழு... காலையில போனா மத்தியானம் அம்மா கம்போட வர்ற வரைக்கும் ஏரிக்கரைதான்!"

"நாளையிலேருந்து மறுபடியும் போங்க. அதுதான் உங்களுக்கு மருந்து" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது பரீட்சை நெருங்கினால் ஹாஸ்டல் நண்பர்களோடு தாமிரபரணிக் கரைக்குப் போய்விடுவேன். ஒரு கையில் தூண்டில், இன்னொரு கையில் குணபாடம் புத்தகம். மீன் மாட்டியது குறைவுதான். ஆனால் அந்தப் படபடப்பு ஓடிப் போய்விடும். அனுபவித்தவன் சொல்கிறேன்!

தக்கையில் கட்டிய மனசு

மீன் பிடிப்பதில் அப்படி என்ன வைத்தியம் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

தண்ணீரில் மிதக்கிற தக்கையை நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் மீன் இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். அதனால் மனசு வேறு எங்கும் ஓட முடியாது. மகனின் லோன், மருமகளின் கோபம், பென்ஷன் பாக்கி எல்லாம் கரையோடு நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மூச்சு தானாகவே நிதானமாகிவிடும். "கண்ணை மூடித் தியானம் பண்ணுங்க" என்றால் பலருக்கு அஞ்சு நிமிஷம் உட்கார முடிவதில்லை. அதே ஆள் தூண்டிலோடு ரெண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறார்!

இரண்டாவது, காலை வெயில். விடிந்தவுடன் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் உள்கடிகாரம் சரியாக ஓடும். காலையில் வெளிச்சம் பார்த்தவருக்கு ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரும். இதை இன்றைய மருத்துவ விஞ்ஞானமும் சொல்கிறது. சூரிய உதயத்துக்கு முன் எழு என்று நம் முன்னோர்களும் சொன்னார்கள்.

மூன்றாவது, நடை. வீட்டிலிருந்து கரை வரை போக, வர நடக்கிறீர்கள். குனிந்து மண்புழு தோண்டுகிறீர்கள்.

நான்காவதுதான் ரொம்ப முக்கியம். பேச்சுத் துணை! கரையில் உட்கார்ந்தால் சாதி, பணம், வயசு எதுவும் கேட்காமல் யாரோ ஒருத்தர், "என்ன மாட்டுது?" என்று கேட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் உட்காருவார். தனிமையில் வாடுகிறவருக்கு அந்த ஒரு கேள்வி எவ்வளவு பெரிய மருந்து தெரியுமா?

இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பவர் 1653-லேயே தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அது இன்றைக்கும் விற்கிறது. நம்ம ஊரில் புத்தகம் எழுதவில்லையே தவிர, தூண்டில் போடாத கிராமத்துப் பையன் உண்டா? தமிழ்நாட்டில் சுமார் 40 ஆயிரம் ஏரிகள் இருக்கின்றன. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழாவே நடத்துகிறார்கள். ஊரே ஊத்தா கூடையும் வலையுமாகத் தண்ணீரில் இறங்கும். அன்று பிடித்த மீன் விற்பனைக்கு இல்லை, வீட்டுக் குழம்புக்குத்தான்!

செலவு அதிகம் இல்லை!

நம்ம தலைமை ஆசிரியர் பெரிய செலவெல்லாம் பண்ணவில்லை. வாரச்சந்தைக்குப் போனவர் தங்கூஸ் நரம்பு ஒரு சுருள், தூண்டில் முள் பத்து, ஈயக்குண்டு கொஞ்சம் வாங்கிக்கொண்டார். பழைய ரப்பர் செருப்பை வெட்டித் தக்கை. மூங்கில் கழி சொந்தக் கொல்லையிலேயே இருந்தது. இரைக்கு மண்புழு. அது கிடைக்காவிட்டால் பிசைந்த கோதுமை மாவு.

இங்கே ஒரு விஷயம். ஈயக்குண்டை நரம்பில் இறுக்கப் பல்லால் கடிக்கிறார்கள் பாருங்கள், அதை உடனே நிறுத்துங்கள்! ஈயம் உடம்பில் சேர்ந்தால் நரம்பையும் மூளையையும் பாதிக்கும். குழந்தைகளுக்கு இது இன்னும் கெடுதல். குறடால் அழுத்துங்கள். குண்டைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்கு, கடலை எதையும் வாயில் போடாதீர்கள்.

வடகிழக்குப் பருவ மழை முடிந்து, தை, மாசியில் நம்ம பக்கத்துக் குளங்களில் தண்ணீர் தெளிந்து நிற்கும். தூண்டில் போட அருமையான காலம். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் எல்லாம் கிடைக்கும். அதிகமாக மாட்டுவது ஜிலேபி மீன்தான். ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த மீன் நம் நாட்டுக்கு வந்தது 1952-ல். இன்றைக்கு அது இல்லாத குட்டையே இல்லை. நாட்டு மீன்களோடு இரைக்குப் போட்டி போடுகிற மீன். தயங்காமல் பிடியுங்கள், சாப்பிடுங்கள்!

ஆனால் விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டம் கூட்டமாக மேலே வந்து போகும். அதற்கு அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தச் சமயத்தில் பெரிய விராலைத் தூக்கினால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அவற்றை விட்டுவிடுங்கள். புதுத் தண்ணீர் வரும்போது மாட்டுகிற சினைக் கெண்டையையும், விரல் நீளக் குஞ்சு மீனையும் அப்படியே தண்ணீரில் விட்டுவிடுங்கள். குளத்து மீன் குஞ்சுகள் கொசுப் புழுக்களைத் தின்கின்றன. மீன் இருக்கிற குளம் ஊருக்கே பாதுகாப்பு.

அந்த ஒரு காலை...

சூரணமும் தூண்டிலுமாக ஒரு மாதம் ஓடியது. ஆசிரியர் முகத்தில் தெளிவு வந்துவிட்டது. "அஞ்சு மணி நேரம் தூங்கறேன் டாக்டர்!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் பெருமைதான்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. கரையில் உட்கார்ந்திருந்தவர் தலை சுற்றிச் சாய்ந்துவிட்டார்! பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவன் அவரைத் தண்ணீர்ப் பக்கம் சரியாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சார்... சார்..." என்று கத்தியிருக்கிறான். இன்னொருவன் ரோட்டுக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டி வந்திருக்கிறான். அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் 190/110.

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். மெதுவாகக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"எட்டு வருஷமா பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் டாக்டர். இப்பதான் மனசு லேசா இருக்கே, தூக்கமும் வருதே, இனிமே எதுக்கு மாத்திரைன்னு... நானே நிறுத்திட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பு அவர் மேல் மட்டும் இல்லை, என் மேலும்தான். "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று முதல் நாளே நான் துருவிக் கேட்டிருக்க வேண்டும். "தூண்டில் போடுங்க" என்று சொன்ன வாய், "மாத்திரையை விட்டுடாதீங்க" என்று சேர்த்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை.

வாசகர்களே, நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், வலிப்பு இவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் தாங்களாக நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தானோ என்னவோ! அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதைக் கொடுத்த டாக்டரே பரிசோதித்துச் சொல்லட்டும். தூண்டில் என்பது மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல.

தண்ணீர் விளையாட்டு அல்ல

நல்லவேளை, அன்று அவர் சாய்ந்தது கரையின் பக்கம். தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்தால்? நினைத்தாலே பதறுகிறது.

2022-ல் மட்டும் நம் நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். கோடை விடுமுறை வந்தால் பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. குளத்தில் குளித்த அண்ணன், காப்பாற்றப் போன தம்பி என்று ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் போன செய்தியைப் படிக்கிறோம். ஐ.நா. சபை 2021-ல் ஜூலை 25-ம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அறிவித்தது இதற்காகத்தான்.

நம்ம ஊர்க் குளங்களில் ஆபத்து வெளியே தெரியாது. கரை ஓரம் முழங்கால் ஆழம் இருக்கும். இரண்டடி தள்ளி, மண் அள்ளிய பள்ளம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். தண்ணீர் நிறைந்துவிட்டால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்! அதோடு சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். தாமரை, அல்லிக் கொடி சுற்றிக்கொள்ளும்.

யாராவது தண்ணீரில் தத்தளித்தால் உடனே குதிக்காதீர்கள். நீச்சல் தெரிந்தவரையும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இழுத்துவிடுவார். கரையில் படுத்துக்கொண்டு தூண்டில் கழியை நீட்டுங்கள். வேட்டி, சேலை, கயிறு, காலி பிளாஸ்டிக் கேன் எதையாவது வீசுங்கள். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இதெல்லாம் பழைய பழக்கம். வேண்டவே வேண்டாம். நேரம்தான் வீணாகும். மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா பாருங்கள். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், மார்பின் நடுவில் அழுத்திக்கொண்டே இருங்கள். ஒருவர் 108-க்கு போன் செய்யட்டும். பிழைத்து எழுந்தவரையும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

கரையில் நடக்கிற சின்னச் சின்ன விபத்துகள்

• தூண்டில் முள் குத்தினால்: முள்ளின் உள்நாக்கு சதைக்குள் போயிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், சதை கிழியும். நரம்பை வெட்டிவிட்டு முள்ளோடு டாக்டரிடம் போங்கள். கண் பக்கம் என்றால் தொடவே கூடாது. தடுப்பூசி போட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்தால் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். காயத்தில் சுண்ணாம்பு, காப்பித்தூள் அப்பாதீர்கள்.

• கெளுத்தி முள் குத்தினால்: கடுகடுவென்று வலிக்கும். அந்த விஷம் சூட்டில் முறியக்கூடியது. தோல் பொறுக்கும் அளவு வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காயத்தை வைத்திருங்கள். முதலில் குத்துப்படாத கையை விட்டுச் சூடு பாருங்கள். வலி குறையும். உள்ளே முள் ஒடிந்திருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

• பாம்பு: கரைப் புதரில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். இருட்டில் டார்ச் இல்லாமல், செருப்பு இல்லாமல் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். 30 வருஷமாகப் பச்சிலையோடு பழகுகிற நானே சொல்கிறேன், பாம்புக் கடிக்குப் பச்சிலை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். விஷமுறிவு ஊசிதான் உயிரைக் காக்கும்.

• எலிக்காய்ச்சல்: காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். தண்ணீரில் இறங்கி வந்த ஒரு சில வாரங்களுக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், "நான் குளத்தில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

• பீனிசம், ஆஸ்துமா உள்ளவர்கள்: மார்கழிப் பனியில் போக வேண்டாம். வெயில் ஏறி, ஏழரை மணிக்கு மேல் போனால் போதும். தலைக்குத் துண்டு கட்டுங்கள்.

• பத்து மணிக்கு மேல் வெயிலில் உட்காராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நீர்மோர் குடியுங்கள். பகல் தூக்கம் வேண்டாம், ராத்திரித் தூக்கத்தைத் திருடிவிடும்.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

தாராளமாக! ஆனால் எந்தத் தண்ணீர் மீன் என்று பாருங்கள். சாக்கடை கலக்கிற குளம், ஆலைக் கழிவு விழுகிற குளம், பச்சைப் பாயசம் போல் பாசி கட்டி நாற்றம் அடிக்கிற குளம், இங்கெல்லாம் பிடித்த மீன் வேண்டாம். செத்து மிதக்கிற மீனை எடுக்கவே கூடாது.

நல்ல மீனைக் குடல், செவுள் நீக்கி, நன்றாகக் கழுவி முழுக்க வேகவையுங்கள். பொடி மீனை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். மண் சட்டியில் குழம்பு வைத்தால் எண்ணெயும் குறையும், ருசியும் கூடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குழம்பில் உப்பைக் குறையுங்கள். மிஞ்சிய மீனைக் கருவாடாகப் போட்டு அவர்களுக்கு வைக்காதீர்கள், அத்தனையும் உப்பு. கரப்பான், சொறி, படைக்கு சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் பத்தியம் முடிகிற வரை மீனைத் தொட வேண்டாம்.

அனுமதி கேளுங்கள், பாட்டிலை விடுங்கள்

பொதுக் குளம்தானே என்று நேராகப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவாகப் பாசனம் தரும் ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பெரியவை நீர்வளத் துறையிடம். பல ஏரிகளில் மீன்பாசி குத்தகை விட்டிருப்பார்கள். காசு கட்டிக் குஞ்சு விட்டவர் வயிறு எரியக் கூடாது. ஊராட்சியிலோ குத்தகைக்காரரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். "ஒரு தூண்டில்தானே, போட்டுக்கோங்க" என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். கோமுகி, மணிமுக்தா போன்ற அணைப் பக்கம் மதகு அருகில் போகவே கூடாது.

இன்னொன்றையும் மனசு கனக்கச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பல ஏரிக்கரைகள் இன்று குடிக்கிற இடமாகிவிட்டன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தாலியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறிய அந்தத் தெருக்களை எங்களால் மறக்க முடியாது. போதையோடு தண்ணீர் ஓரம் உட்காருவது சாவின் மடியில் உட்காருவது மாதிரி. உடைந்த பாட்டில் அடுத்தவர் காலைக் கிழிக்கிறது. அந்தக் கரையில் குடும்பத்தோடு நாலு பேர் தூண்டிலோடு போய் உட்கார்ந்து பாருங்கள். பாட்டிலோடு வருகிறவர் கூச்சப்பட்டாவது வேறு பக்கம் போவார். கரை மறுபடியும் ஊருக்குச் சொந்தமாகும்.

சரி, நம்ம ஆசிரியர் என்ன ஆனார்?

பத்து நாளில் தேறிவிட்டார். இப்போது காலை ஆறு மணிக்கு முதலில் பிரஷர் மாத்திரை, அப்புறம்தான் தூண்டில். தனியாகப் போவதில்லை. அன்று காப்பாற்றிய பையன்களும் கூடவே.

அந்தப் பையன்களுக்கு நீச்சல் தெரியாது என்பது ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "என்னைக் காப்பாத்தின பசங்க டாக்டர்... அன்னிக்கு நான் தண்ணியில விழுந்திருந்தா அதுங்களும் குதிச்சிருக்கும்!" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பையன்களின் அப்பா, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தெரிந்தவர் தோட்டத்துப் படிக்கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்கச் சொல்லி ஏற்பாடு செய்தார். தான் படியில் உட்கார்ந்து, "காலை அடிடா! காலை அடிடா!" என்று அதட்டுவார். 35 வருஷம் வகுப்பில் அதட்டிய குரல் ஆயிற்றே!

இன்னொரு காரியமும் செய்தார். நீள மூங்கிலால் குளத்தை ஓரமாகவே அளந்து பார்த்து, பள்ளம் தொடங்குகிற இடங்களில் எல்லாம் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டார். ஊர்ப் பிள்ளைகள் அதற்கு "சார் கொடி" என்று பேர் வைத்திருக்கிறார்கள். கொடியைத் தாண்டி யாரும் இறங்குவதில்லை.

போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தார். ரத்த அழுத்தம் 130/80.

"என்ன சார், மீன் மாட்டுதா?" என்றேன்.

"நேத்து ஒண்ணுகூட மாட்டலை டாக்டர். ஆனா ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தவன் காலையில அஞ்சு மணிக்குத்தான் முழிச்சேன்!"

உங்கள் வீட்டிலும் நாற்காலியே கதி என்று ஒரு பெரியவர் இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மூங்கில் கழியும் பேரப் பிள்ளையுமாக அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளம்புவதற்கு முன், "மாத்திரை போட்டாச்சா?" என்று மட்டும் மறக்காமல் கேட்டுவிடுங்கள்!